பயாப்சிக்கே பணம் கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு ஐ.எச்.சி.?

கேள்வி: அப்பாவுக்கு இரைப்பையில் கட்டி. எண்டோஸ்கோப்பியில் பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'கதிர் வடிவ செல் கட்டி, ஐ.எச்.சி. தேவை' என்று இருக்கிறது. ஐந்து மார்க்கராம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமாம். ஒரே சதைக்கு இரண்டு தடவை பணம் கறக்கிறார்களா? வேறு லேபுக்குப் போனால் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்யணுமா?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நியாயம் லேப் பக்கம்தான்.

பயாப்சிச் சதையில் முதலில் போடும் சாதாரணச் சாயத்தில் செல்லின் வடிவம் மட்டும்தான் தெரியும். இரைப்பையில் கதிர் மாதிரி நீண்ட செல்கள் தெரிந்தால் அது ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைக் கட்டி) ஆக இருக்கலாம், தசைக் கட்டியாக இருக்கலாம், நரம்புறைக் கட்டியாகவும் இருக்கலாம். ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) சோதனையில் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்பொருளைப் போடுவார்கள். அந்தப் புரதம்தான் மார்க்கர். ஒட்டிய இடம் பழுப்பாகும். சிடி117, டாக்1 என்ற மார்க்கர்கள் பழுப்பானால் பெரும்பாலும் ஜிஸ்ட். டெஸ்மின் என்றால் தசை. எஸ்100 என்றால் நரம்புறை. பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஜிஸ்ட்டுக்கு இமாட்டினிப் மாத்திரை உண்டு, தசைக் கட்டிக்கு அது உதவாது. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜிஸ்ட்டின் மூலத்தைக் காட்டும்வரை, பல ஜிஸ்ட்டுகள் தசைக் கட்டி என்றே எழுதப்பட்டு வந்தன.

ஒவ்வொரு மார்க்கருக்கும் தனி ஸ்லைடு, தனி எதிர்ப்பொருள். அதனால்தான் தனிக் கட்டணம். 'முதலில் இரண்டு பாருங்கள், போதாவிட்டால் மீதி' என்று கேட்கலாம், தப்பில்லை. ஆனால் எண்டோஸ்கோப்பித் துண்டு துளியூண்டு. மறுபடி மறுபடி சீவினால் சதையே தீர்ந்துவிடும். ஐந்தையும் ஒன்றாகச் செய்யச் சொல்ல இதுவும் காரணமாக இருக்கலாம், டாக்டரிடமே கேளுங்கள். பில்லில் மார்க்கர் பெயர்கள் இருக்கட்டும். ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றின் முடிவும் தனித்தனியாக வரணும்.

அடுத்தவர் பில்லோடு ஒப்பிடாதீர்கள். கணையத்தின் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வருவது), செல்கள் பெருகுவதைக் காட்டும் கி-67 எத்தனை சதவீதம் என்று பார்த்து கிரேடு சொல்வார்கள், பெருங்குடல் புற்றுநோய்க்கு எம்எல்எச்1 உள்ளிட்ட நான்கு புரதங்கள். உறுப்புக்கு உறுப்பு பட்டியல் மாறும்.

வேறு லேபா? தாராளமாகப் போங்கள். பரிசோதனையை எங்கே செய்வது என்று தேர்ந்தெடுப்பது, தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. மறுபடி எண்டோஸ்கோப்பி பொதுவாகத் தேவைப்படாது. சதையை மெழுகில் பதித்த 'பிளாக்' முதல் லேபில் இருக்கும். எழுதிக்கொடுத்து அதையும் ஸ்லைடுகளையும் வாங்குங்கள், பிளாக் எண் ரிப்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அது மெழுகு.