அரிசி வாளிக்குள் போகும் கை

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது, தரம் இரண்டில் படிக்கிறாள். காலையில் சாப்பிட வாயே திறக்க மாட்டாள். ஒரு கப் பால் தேத்தண்ணியும் மூன்று விசுக்கோத்துமாக வானில் ஏறிவிடுகிறாள். காலைச் சாப்பாடு சாப்பிடாத பிள்ளைகளின் மூளை சுருங்கிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பாமசியில் கேட்டுப் பசிக்கு ஒரு பாணி மருந்து கொடுக்கிறேன். மூன்று மாதத்தில் மூன்று தடவை பூச்சிக் குளிசையும் கொடுத்துவிட்டேன். கன்னத்தில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. இரவில் பல்லை நெறுமுகிறாள். பள்ளிக்கூட நாட்களில் காலையில் வயிற்று வலி. ஆளும் மெலிவு. போதாக்குறைக்கு அரிசி வாளிக்குள் கையை விட்டு வெறும் அரிசியை அள்ளிச் சப்பிக்கொண்டு திரிகிறாள், ஏசினாலும் கேட்பதில்லை. இவளுக்கு ஏற்ற காலைச் சாப்பாடு எது டொக்டர்?
— ஒரு தாய், சாம்பல்தீவு, திருகோணமலை

பதில்:

மூளை சுருங்காது அம்மா. முதலில் நீங்கள் நித்திரை கொள்ளுங்கள்.

இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய சர்க்கரையை, ஈரல் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கையிருப்பு நம்மைவிடக் குறைவு. அதனால்தான் காலையில் ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும் என்கிறோம். போகாவிட்டால் பத்து மணிபோல் பிள்ளை சோர்ந்துவிடும், எரிந்து விழும், ரீச்சர் சொல்வதில் பாதி காதில் ஏறாது. அவ்வளவுதான். ஜமேக்காவில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1989இல் வெளிவந்தது. காலைச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாளில் அதில் தடுமாறியவர்கள், ஏற்கெனவே போசாக்குக் குறைந்து வளர்ச்சி குன்றியிருந்த பிள்ளைகள். நன்றாக வளர்ந்திருந்த பிள்ளைகள் அப்படித் தடுமாறவில்லை. ஆகவே ஒருநாள் வெறும் வயிற்றோடு போனாளே என்று பதற வேண்டாம். உடம்பில் ஏதாவது நெடுநாளாகக் குறைந்துகொண்டு வருகிறதா என்று பாருங்கள்.

குறைந்துகொண்டு வருகிறது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த இடம் அந்த அரிசி வாளி. நீங்கள் அதைக் கடைசியாக, ஏதோ குழப்படிக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அரிசி புடைக்கும்போது பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளை நாலு மணி எடுத்து வாயில் போடுவது உலக வழக்கம். "அரிசி தின்றால் கலியாணத்தன்று மழை பெய்யும்" என்று உங்கள் மாமியும் சொல்லியிருப்பார், அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பிள்ளை தினமும் தேடிப் போய் அள்ளிச் சப்புவது வேறு. வெறும் அரிசி, வெண்கட்டி, சுவர்ச் சுண்ணாம்பு, மண், ஐஸ்கட்டி என்று இவற்றில் எதற்குப் பிள்ளை அடிமையானாலும் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவுதான். பசி மந்தமும் அதோடு சேர்ந்தே வரும். இரும்பு குறைந்தால் வகுப்பில் கவனமும் குறையும். மூளையைப் பற்றி அவ்வளவு பயமுறுத்திய வீடியோக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் மகளின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். அவளுடைய உள்ளங்கையை உங்கள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் நாள் கடத்த வேண்டாம். வெளிறாமல் இருந்தாலும் பரிசோதனை வேண்டும், ஆரம்பக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அரிசிக் கதையைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் "சாப்பிடுகிறாளில்லை" என்று மட்டும் சொன்னால் ஒரு விற்றமினோடு திரும்பி வருவீர்கள். இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எஃப்.பி.சி. என்ற பரிசோதனையும், தேவைப்பட்டால் பெரிட்டினும் செய்யச் சொல்வார்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை. பெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. காய்ச்சல், தடிமல் நேரத்தில் அந்தக் கணக்குப் பொய்யாகக் கூடிக் காட்டும், சுகமான பிறகு எடுங்கள்.

இதை வாசித்த கையோடு பாமசிக்கு ஓடி இரும்புப் பாணி மருந்து வாங்கிவிடாதீர்கள். வாங்குவீர்கள் என்று பயப்படுகிறேன், கடிதம் அப்படி. இரத்த அணுக்கள் சிறுத்து ஹீமோகுளோபின் குறைவதற்குத் தலசீமியாவும் ஒரு காரணம். பெற்றோரிடமிருந்து வருவது அது, இலங்கையில் அபூர்வமும் இல்லை. நோயாக இல்லாமல் தலசீமியாச் சாயல் மட்டும், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்த பிள்ளைக்கு இரும்பை ஊற்றி ஒரு பலனும் கிடையாது. இன்னொன்று, கர்ப்பகாலத்தில் கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசை மிச்சம் வீட்டில் கிடக்கும். இனிப்பு என்று நினைத்துச் சின்னப் பிள்ளை கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இன்றைக்கே எடுத்து உயரத்தில் பூட்டி வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னத்து வெள்ளைத் திட்டு வறண்ட தோல். வசிலின் பூசுங்கள், பூசாவிட்டாலும் மாதக்கணக்கில் தானாகப் போகும். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல் நெறுமுவதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. அப்புறம் அந்தக் குளிசை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மூன்று மாதத்தில் மூன்று கொடுத்திருக்கிறீர்கள், வயிற்றில் ஏதாவது இருந்திருந்தால் பெரும்பாலும் முதல் குளிசைக்கே போயிருக்கும். பசிக்கென்று பாமசியில் தந்த பாணி மருந்து, போத்தலில் சைப்ரோஹெப்டடின் என்று இருந்தால், அது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைக் கொஞ்சம் தூண்டும், நித்திரையை நன்றாகத் தூண்டும். பிள்ளை வகுப்பில் கொட்டாவி விடுகிறாள் என்று ரீச்சர் சொன்னால் பழியைக் காலைச் சாப்பாட்டின்மேல் போடாதீர்கள். இன்றே நிறுத்துங்கள்.

வயிற்று வலி சனி ஞாயிறில் வருகிறதா? வராவிட்டால் வலி வயிற்றில் இருந்தாலும் காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பக்கத்தில் யார் இருக்கிறார், கழிவறைக்குப் போகப் பயமா, மலத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாளா என்று படுக்கும்போது மெல்லக் கேளுங்கள். நித்திரையில் இருந்து எழுப்பும் வலி, வாந்தி, மலத்தில் இரத்தம், எடை இறங்குவது என்று எதையாவது கண்டால் மட்டும் உடனே கொண்டு வாருங்கள்.

சரி, நீங்கள் கேட்ட காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். அதற்கு முதல் எதிரி அந்தப் பால் தேத்தண்ணி. தேயிலையில் இருக்கும் தனின் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச விடாது. பாலின் கல்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். சீனியும் பாலுமாக ஒரு கப் உள்ளே போனால் சின்ன வயிறு நிறைந்துவிடும், பிறகு பிட்டுக்கு இடமேது? கிளினிக்கில் இதைச் சொன்னால் தாய்மார் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். தேயிலை விளையும் நாட்டில் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதே என்றால் யார் கேட்பது! ஒரு கிழமைக்குத் தேயிலையைக் குறைத்துக் குறைத்து வெறும் பாலாக்குங்கள், அந்தப் பாலையும் பின்னேரம் நாலு மணிக்கு நகர்த்துங்கள். காலையில் தண்ணீர் போதும். மோல்ட் மா கலந்து கொடுப்பது இதற்கு மாற்று என்று நினைக்காதீர்கள், அதுவும் வயிற்றை நிரப்பும் வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது எதிரி முதல்நாள் இரவு. ஒன்பதரைக்கு ரீவிக்கு முன்னால் இருத்திச் சோறு ஊட்டிவிட்டு, காலை ஆறு மணிக்குப் பசிக்கவில்லை என்றால் எப்படி? இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து எட்டரைக்குப் படுக்கவையுங்கள். காலையில் எழும்பிய உடனே யாருக்கும் சாப்பாடு இறங்காது. முகம் கழுவி, குளித்து, தலை பின்னி முடிந்த பிறகு தட்டை வையுங்கள். வான் வருவதற்கு இருபது நிமிடம் இருக்க வேண்டும், ஹோர்ன் அடிக்கும் சத்தத்தில் ஊட்டும் சாப்பாடு உடம்பில் ஒட்டாது.

தட்டில் என்ன? நீங்கள் காலையில் அவிப்பதே போதும், அதோடு ஒன்றைச் சேருங்கள். இடியப்பமும் சொதியும் மட்டும் என்றால் அது மாவும் தேங்காய்ப்பாலும்தான். ஒரு முட்டையை அவித்து, உப்பும் மிளகும் தூவி மசித்து, இடியப்பத்துக்குள் வைத்துச் சுருட்டிக் கையில் கொடுங்கள். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, இவள் வயதுக்கு நாளொன்றுக்கு இருபது கிராம் அளவில் தேவை. பிட்டென்றால் அரிசி மாவோடு கொஞ்சம் குரக்கன் மா கலந்து அவியுங்கள், முதல்நாள் மீன்குழம்பை முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள். கடற்கரை உங்கள் பக்கத்தில். சூடை, கீரி மலிவாக வரும் நாளில் வாங்குங்கள், மீனில் உள்ள இரும்பைக் குடல் சுலபமாக எடுக்கும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் இரவே ஊறப்போட்ட கௌபியோ பயறோ கடலையோ, அவித்துத் தேங்காய்ப்பூவோடு. பயறு, கீரை இரும்பு சற்றுப் பிடிவாதமானது, புளிப்பைக் கண்டால்தான் இளகும். தேசிக்காய் பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு பாதிக் கொய்யாப்பழம் கடிக்கட்டும். பாணும் கெட்டதில்லை. நாட்டுக்கு மா அரைக்கும் பெரிய ஆலை சீனக்குடாவில் இருக்கிறது, அதற்காக நாம் மூன்று நேரமும் பாண் தின்று நன்றி காட்ட வேண்டியதில்லை. பருப்புக் கறியோடு இரண்டு துண்டு போதும். மூதூர், கிண்ணியாத் தயிர் நல்ல சாப்பாடுதான், ஆனால் இரும்பு ஏறும் வரை அதைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு அவளுடைய கைமுட்டி அளவு. அதில் பாதிதான் இறங்கியது என்றால் சண்டை வேண்டாம், மிச்சத்தைப் பெட்டியில் போட்டு விடுங்கள், இடைவேளைக்குச் சாப்பிடட்டும். பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதாக, முள்ளில்லாததாக இருக்கட்டும். பெட்டி வெறுமையாக வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கோட்டைப் பக்கம் படிக்கும் ஒரு பிள்ளையின் பெட்டி நாள்தோறும் வழித்துத் துடைத்தமாதிரி வருகிறது என்று தாய் பூரித்துப்போய் இருந்தார். பார்த்தால் அவ்வளவையும் சாப்பிட்டது அங்கே திரியும் மான்கள்.

மெலிவைக் கண்ணால் அளக்க முடியாது. பிறந்தபோது தந்த பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டைத் தேடி எடுத்து, பரிசோதனைக்குப் போகும்போது கொண்டு போங்கள். இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில் எடையும் ஐந்தாறு சென்ரிமீற்றர் உயரமும் கூடினால் மெலிந்த பிள்ளையாகவே நன்றாக வளர்கிறாள் என்று அர்த்தம். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பதிவேட்டில் குறிப்பதில்லை.

இரும்புக் குறைவு உறுதியானால் பாணி மருந்து மூன்று மாதமாவது போகும். முகம் தெளிந்துவிட்டது என்று இரண்டாம் மாதம் நிறுத்த வேண்டாம், கையிருப்பும் நிரம்ப வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமலிருக்க ஸ்ட்ரோவால் குடிக்கவைத்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அரிசி ஆசை பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையிலேயே குறையத் தொடங்கும், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்னாலேயே. அதுவரை வாளியை மூடி வையுங்கள், ஆனால் ஏச வேண்டாம். ஏசினால் ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவாள், ஆசை விட்டதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.