டெண்டர் கூட்டும் ஊருணி மண்ணும்: வாசகர் கேள்வி-பதில்

அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமான வேலைகள் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வார்டு சிமென்ட் சாலைக்கு மூன்று பேர் டெண்டர் போட்டார்கள். மூன்றுமே எஸ்டிமேட்டைவிட நான்கைந்து சதவீதம் அதிகம். மூவரும் எப்போதும் ஒன்றாகத் திரிகிறவர்கள். எல்லாம் ஆன்லைன் ஆன பிறகும் இது எப்படி நடக்கிறது?
– காரைக்குடி வாசகர்

டெண்டர் பெட்டிக்கு முன் ஆள் நிறுத்தி மறிப்பதைத்தான் ஆன்லைன் ஒழித்தது. போனில் பேசி முடிப்பதை எந்தச் சர்வரும் தடுக்காது. வேலை இவருக்கு என்று முடிவானதும், மற்ற இருவர் ஒப்புக்கு அதிக விலை போடுவார்கள். அடுத்த வேலையில் முறை மாறும்.

ஒரு டெண்டரை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதே அலுவலகத்தின் இரண்டு மூன்று வருட வேலைகளை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள்: வேலையின் பெயர், எஸ்டிமேட் தொகை, யார் யார் போட்டார்கள், எத்தனை சதவீதம் கூட அல்லது குறைய, யார் எடுத்தார். தோற்றவரின் ஆட்களும் கான்கிரீட் மிக்சரும் ஜெயித்தவரின் வேலை நடக்கும் இடத்தில் நிற்கின்றனவா? வெளியூர்க்காரர் நுழைந்த வேலைகளில் மட்டும் விலை எஸ்டிமேட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று வந்தால் அதற்குக் கனம் அதிகம். ஆவணங்களில் ஒரே எழுத்துப்பிழை, அடுத்தடுத்த எண்ணுள்ள வங்கி வரைவோலைகள், ஒரே இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐ.பி.) பதிவேற்றம் ஆகியவையும் தடயங்களே. கடைசியது உங்கள் கண்ணில் படாது. டெண்டர் கோரிய அலுவலர் கேட்டால்தான் வெளியே வரும். கேட்க வைப்பது உங்கள் புகார்.

இப்படிப் பேசிவைத்து டெண்டர் போடுவதைத் தடுக்க 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் பிரிவு 3(3) இருக்கிறது. புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்கும். ஆனால் “எல்லாரும் ஒரே விலை போட்டார்கள்” என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். இந்திய உணவுக் கழகத்தின் 2009 டெண்டரில், தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்குப் போட்டி நிறுவனங்கள் கிலோ ரூ.388 என்று ஒரே விலை குறித்தன. அது கூட்டுச்சதிதான் என்பதை உச்ச நீதிமன்றம் 2017-ல் உறுதி செய்தது. அடுத்த ஆண்டே, சமையல் எரிவாயு சிலிண்டர் வழக்கில், அந்தச் சந்தையின் நிலைமையால் விலை ஒத்துப்போகலாம் என்று கூறி நிறுவனங்களை விடுவித்தது. ஒரே விலை என்பது சந்தேகத்துக்கு இடம் தருமே தவிர, தனியாக நிற்காது. உங்கள் நோட்டு அதற்குத்தான். கூட்டாளிகளில் முதலில் வந்து முழு விவரம் சொல்பவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடியாகவும் பிரிவு 46 வழி வைத்திருக்கிறது. இது தெரிந்தாலே சில கூட்டணிகள் ஆட்டம் காணும்.

அலுவலகத் தரப்பில் இருந்து கேட்கிறேன். டெண்டர் போடும்போதே கூட்டைக் குறைக்க என்ன செய்யலாம்?
– தேவகோட்டை வாசகர்

நிபந்தனைகளில் கை வையுங்கள். “கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்” என்ற ஒரு வரி போதும், மாவட்டத்தில் இரண்டே பேர் மிஞ்சுவார்கள். தளத்தைப் பார்த்ததாகக் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதும் அப்படித்தான்: யார் யார் போடப் போகிறார்கள் என்ற பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுக்கிறீர்கள். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள், 2000-ன்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைக்க மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ‘அவசரம்’ என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாக ஏற்காதீர்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதும் வேண்டாம், பத்துத் தெருவை ஒரே பொட்டலமாகக் கட்டிச் சிறு ஒப்பந்ததாரரை வெளியே தள்ளுவதும் வேண்டாம்.

ஊருணி தூர்வார லட்சக்கணக்கில் பில் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கானாடுகாத்தான் வாசகர்

மண் வேலை அளவுக்குத்தான் நம் பக்கத்தில் அதிகம் றெக்கை முளைக்கிறது. ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்துவிட்டால் சாட்சி தண்ணீருக்கடியில். ஆகவே கணக்கு வேலைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

படித்துறைக் கல் ஒன்றில் பெயிண்டால் குறி வைத்து அதை அடிப்படை மட்டமாகக் கொள்ளுங்கள். அங்கிருந்து 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கட்டம் போட்டு, லெவல் கருவியால் தரைமட்டம் எடுக்க வேண்டும். மட்டப் புத்தகத்தில் பொறியாளரும் ஒப்பந்ததாரரும் அன்றே கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்ததும், மழைக்கு முன், அதே புள்ளிகளில் மறுபடி எடுக்க வேண்டும். முதல் மட்டத்தை எடுக்கும்போது ஆகாயத்தாமரையையும் செடிகளையும் அகற்றாமல் விட்டால், இல்லாத மண் கணக்கில் ஏறும்.

அடுத்தது சரிவு. 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் பெட்டிக் கணக்கில் 3,000 கன மீட்டர். ஆனால் கரையை 1 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவாக விட்டிருந்தால் அடித்தளம் 57-க்கு 47 தான். மண் சுமார் 2,840 கன மீட்டர். எடுக்காத 160 கன மீட்டருக்குப் பணம் போய்விடும்.

டிப்பர் நடையோடும் ஒத்துப் பாருங்கள். வெட்டிய மண் உப்பும். கால் பங்கு என்று வைத்தால் 2,840 என்பது 3,550 ஆகும். 3 யூனிட் டிப்பர் ஒன்று ஏறக்குறைய 8.5 கன மீட்டர் கொள்ளும். ஆக 418 நடை. ஒரே பொக்லைனும் இரண்டு டிப்பரும் மூன்று நாள் ஓடியதாகத் தெருவே சொன்னால், பில் பொய்.

இன்னும் இரண்டு இடங்கள். மேல்மண்ணுக்குக் கீழே செம்புரான் என்ற கெட்டியான செம்பாறை மண் வரும் ஊர் நம்முடையது. கெட்டி மண்ணுக்கு ரேட் அதிகம். எந்த ஆழத்தில் அது தொடங்குகிறது என்று முன்கூட்டியே நான்கைந்து சோதனைக் குழி தோண்டிப் பதிவு செய்யாவிட்டால், எல்லாமே செம்புரான் ஆகிவிடும். மண்ணைக் கொட்டிய தூரமும் அப்படியே: கரையிலேயே கொட்டிவிட்டு ஐந்து கிலோமீட்டர் என்று எழுதலாம். கொட்டிய இடத்தின் படமும் அந்த இடத்துக்காரரின் ஒப்புதலும் கோப்பில் இருக்கட்டும்.

ஆழமாகத் தோண்டினால் நல்லதுதானே என்று ஊரார் நினைப்பது சரியல்ல. அடியில் படிந்திருக்கும் களிமண் படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துச் செம்புரானைத் தொட்டால், ஒப்பந்ததாரருக்கு லாபம், ஊருணிக்குத் தண்ணீர் நிற்காது.

பள்ளிக் கட்டட கான்கிரீட் சோதனை அறிக்கை எல்லாம் ‘பாஸ்’. கட்டடத்தில் விரிசல். எப்படி?
– பள்ளத்தூர் வாசகர்

விரிசலுக்கு அஸ்திவாரம், க்யூரிங் (தண்ணீர் விட்டுக் கான்கிரீட்டை இறுக வைப்பது) எனப் பல காரணம் உண்டு. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பும் கனசதுர கான்கிரீட் கட்டிக்கென்று தனிக் கலவை போடுவதும் நடக்கிறது. 100 சதுர மீட்டர் தளம், 12 சென்டிமீட்டர் கனம்: 12 கன மீட்டர் கான்கிரீட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி 6 முதல் 15 கன மீட்டருக்கு இரண்டு மாதிரி, அதாவது 28 நாள் சோதனைக்கு ஆறு கட்டிகள் வேண்டும். கொட்டுகிற கலவையிலிருந்தே எடுத்து, ஈரத்திலேயே தேதியும் குறியும் பொறிக்க வேண்டும். ஆய்வகத்தைத் துறைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒப்பந்ததாரர் அல்ல. ஒரு மாதிரியின் மூன்று கட்டிகளுக்கும் வலிமை 27.3, 27.3, 27.3 என்று வந்தால் மகிழாதீர்கள். உண்மையான கட்டிகள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

சிமென்ட் பதிவேட்டையும் பாருங்கள். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்கு எட்டு மூட்டை. மேலே சொன்ன தளத்துக்கு 96 மூட்டை. 70 தான் இறங்கியது என்றால் மீதிக் கதை புரியும். சந்தேகம் தீரவில்லை என்றால், குறைந்தது மூன்று இடத்தில் கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள். சராசரி, அந்தக் கிரேடுக்குரிய வலிமையில் 85 சதவீதமாவது வர வேண்டும். எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. சுத்தியல் சோதனை மட்டும் போதாது. அது மேல்தோலைத்தான் சொல்லும்.

இதற்கெல்லாம் காகிதம் எப்படி வாங்குவது?
– புதுவயல் வாசகர்

தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு. “ஏன் தரமில்லை?” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட், டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல், எம் புக் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், மட்டப் புத்தகம், சோதனை அறிக்கை, கடைசி பில். பிரிவு 2(ஜே) வேலையை நேரில் பார்வையிடவும், சான்றளித்த பொருள் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. அதையும் அதே மனுவில் சேருங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. லஞ்சம் பற்றிய ஆதாரம் இருந்தால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனி மனுவாகப் போகட்டும். டெண்டர் கூட்டையும் அதையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டு இடத்திலும் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள்.