கண்காணிப்பு பற்றிக் கேட்டால் அரசு நாடாளுமன்றத்தில் உண்மையைச் சொல்கிறதா?

போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருளை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநில அரசுத் துறை ஒன்றில் சட்டமன்ற வினாக்களுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். ஒட்டுக்கேட்புக்கும் எங்கள் துறைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பதில் தயாராகும் விதம் எனக்குத் தெரியும். உறுப்பினர் அ, ஆ, இ, ஈ என்று பிரித்துக் கேட்பார். மூன்றுக்குத் தயங்காமல் எழுதலாம், ஒன்று மட்டும் உறுத்தும். "அ முதல் ஈ வரை சேர்த்து எழுதுக" என்ற குறிப்போடு கோப்பு மேலிடத்திலிருந்து திரும்பி வரும். சேர்த்தால் அரசாணை எண், விதி எண், நடைமுறை என்று ஒரு நீளமான பத்தி கிடைக்கும். அத்தனையும் உண்மை. உறுத்திய கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

ஒருமுறை நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை என்று வினா வந்தது. எண்ணிக்கையைத் தனி வரியாக எழுதி அனுப்பினேன், அடித்துவிட்டார்கள். பதிவேட்டின் நகலைக் கோப்பில் வைத்து மறுபடியும் எழுதினேன். கடைசியில் அந்த எண் அவையில் படிக்கப்பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

2019 நவம்பரில், வாட்ஸ்அப் அழைப்புகளை அரசு ஒட்டுக்கேட்கிறதா, அதற்குப் பெகாசஸைப் பயன்படுத்துகிறதா என்று மக்களவையில் தயாநிதி மாறன் கேட்டார். பதிலில் ஒட்டுக்கேட்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு இருந்தது, அந்த அதிகாரம் பெற்ற பத்து அமைப்புகளின் பெயரும் இருந்தது. பெகாசஸ் உண்டா இல்லையா என்பது மட்டும் இல்லை. படித்ததுமே எனக்கு அந்தக் கைவேலை புரிந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம், பெகாசஸைத் தயாரித்த என்.எஸ்.ஓ. நிறுவனத்தோடு தங்களுக்கு எந்தப் பரிவர்த்தனையும் இல்லை என்றது. மற்ற அமைச்சகங்கள்? பெகாசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்திலும் தேசப் பாதுகாப்பைக் காட்டி விரிவான பிரமாணப் பத்திரம் தர ஒன்றிய அரசு மறுத்துவிட்டது.

"உளவு வேலையை ஊருக்குச் சொல்லிவிட்டா செய்வார்கள்?" என்று சிலர் கீழே வந்து கேட்பீர்கள். என் குடும்பத்திலும் சீருடை போட்டவர்கள் இருக்கிறார்கள், ரகசியத்தின் தேவை எனக்கும் தெரியும். யாருடைய போன் என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை உத்தரவு என்று சொன்னால் எந்தத் தீவிரவாதி தப்பிவிடுவான்? பிரிட்டனில் அதற்கென ஓர் ஆணையர் ஆண்டறிக்கையிலேயே எண்ணிக்கை தருகிறார். இங்கே உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அமைக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதியது. பார்க்க வேண்டியவர்கள் மூன்று செயலாளர்கள். மக்கள் பிரதிநிதி ஒருவர்கூடக் கிடையாது. இதற்கு மேற்பார்வை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவ்வளவு ஏன், ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய சொந்தப் பணிப்பதிவேட்டின் நகலைக் கேட்டு நடையாய் நடந்தேன். என்னைப் பற்றி எழுதியதை நான் பார்ப்பதில் என்ன ரகசியம்? இன்னும் ஆறவில்லை. சரி, அது வேறு கதை.

உங்கள் தொகுதி எம்.பி.யிடம் பேச முடிந்தால், உட்பிரிவு எதுவும் இல்லாமல் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: சென்ற ஆண்டு ஒன்றிய அரசு பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் எத்தனை? ஒற்றைக் கேள்வியை எதோடும் சேர்த்து எழுத முடியாது. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று சொன்னால் அது அரசு அவைக்குத் தந்த உறுதிமொழிக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இழுத்தடித்தால் நாடாளுமன்றத்தின் உறுதிமொழிக் குழு கேட்கும். சொல்லவே மாட்டோம் என்றால், வெறும் எண்ணிக்கையைக் கூட மறுத்தார்கள் என்பதாவது அவைப் பதிவில் இருக்கும்.