பாடறவன் எங்கேடா?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். சின்ன வயதில் ரேடியோ சிலோனில் ஆங்கிலப் பாட்டு கேட்டு வளர்ந்தவர். இப்போது அந்தப் பைத்தியம் திரும்பிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு பீட்டில்ஸ், கிளிஃப் ரிச்சர்ட் என்று ஸ்பீக்கரில் அலறவிடுகிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாடி வீட்டுக்காரரும் இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். 18,000 ரூபாய்க்கு உயர்தர ஹெட்ஃபோன் வாங்கி, பழைய பாட்டெல்லாம் போனில் ஏற்றியும் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டு, "மியூசிக் மட்டும்தான் வருது, பாடறவன் எங்கேடா?" என்கிறார். நான் மாட்டிக் கேட்டேன், தெளிவாகத்தான் பாடுகிறார்கள். (அவருக்கு வலது காது மூன்று வருடமாகக் கேட்பதில்லை. டாக்டரிடம் காட்டி மெஷின் வைக்க வேண்டும், தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.) மறதி நோயின் ஆரம்பமாக இருக்குமோ என்று என் மனைவி பயப்படுகிறாள். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா? இந்த வயதில் நாலு தேவாரம் கேட்கலாமே என்று அப்பா மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

– பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: கடிதத்திலேயே முக்கியமான விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள், தம்பி. வலது காது. மூன்று வருடம். தள்ளிப் போகிறதாம். தானாக எதுவும் தள்ளிப் போகாது, யாராவது தள்ளினால்தான் போகும். அந்த ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் பாடறவன் எங்கே போனான் என்று பார்ப்போம். பீட்டில்ஸ் குழுவின் முதல் எல்.பி. (பெரிய இசைத்தட்டு) 1963-இல் வந்தது. லண்டன் ஸ்டூடியோவில் இரண்டே டிராக் ஓடும் டேப்பில் பதிந்தார்கள். ஒன்றில் கிட்டாரும் டிரம்ஸும், மற்றதில் குரல். பிற்பாடு சேர்த்து ஒரே ஒலியாக, மோனோவாகக் கலக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஸ்டீரியோ ரெக்கார்டுக்கு அந்த இரண்டையும் அப்படியே ஆளுக்கொரு பக்கமாக விட்டார்கள். பெரும்பாலான பாட்டுகளில் வாத்தியம் இடது பக்கம், குரல் வலது பக்கம். அடுத்த எல்.பி.யும் கிட்டத்தட்ட இதே கதைதான். நீங்கள் போனில் ஏற்றிக் கொடுத்தது அந்த ஸ்டீரியோவாகத்தான் இருக்க வேண்டும். கேட்காத வலது காதில் குரலை ஊற்றி, கேட்கிற இடது காதில் வெறும் கிட்டாரை விட்டுவிட்டு, அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்கிறீர்கள். அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. உங்களுக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது, அதனால் தெளிவாகக் கேட்டது.

அவர் ஏன் ஸ்பீக்கரை விடமாட்டேன் என்கிறார் என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஸ்பீக்கரில் வருவதெல்லாம் அறைக் காற்றில் கலந்து, இருக்கிற ஒரு காதுக்கு முழுசாக வந்து சேருகிறது. ஒரு காதோடு கேட்பதால் சத்தத்தைக் கூட்டுகிறார். இளம் வயதில் அவர் கேட்டதும் சிற்றலையில் கரகரத்து வந்த ஒற்றை ஸ்பீக்கர் ஒலிதான். குரலும் கிட்டாரும் ஒட்டிக்கொண்டு வரும். பீட்டில்ஸே அந்தக் காலத்தில் மோனோ கலவைக்குத்தான் கூட உட்கார்ந்து மெனக்கெட்டார்கள், ஸ்டீரியோவைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டார்கள். ஆக, உங்கள் அப்பா கேட்பதுதான் அசல் பாட்டு.

அமெரிக்காவில் பீச் பாய்ஸ் என்ற இசைக்குழுவின் பிரையன் வில்சன் இருந்தார், 2025-இல் மறைந்தார். அவருக்கும் சிறு வயதிலிருந்தே வலது காது ஏறக்குறைய கேட்காது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் 1966-இல் 'பெட் சவுண்ட்ஸ்' என்ற எல்.பி.யை மோனோவில் கலந்தார். அதன் முழு ஸ்டீரியோ வடிவம் 1997-இல்தான் வந்தது. அவரை உலகம் மேதை என்றது. உங்கள் வீட்டில் அதே குறையோடு இருப்பவருக்கு மனநல மருத்துவரைத் தேடுகிறீர்கள்.

மறதி விஷயத்தில் நான் டாக்டர் இல்லை. வழி தப்புகிறது, சமையலறையில் கேஸை மூட மறக்கிறார் என்று இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதோடு, காது கேளாமையைக் கவனிக்காமல் விடுவதே பிற்காலத்தில் மறதி நோய்க்கான அபாயத்தைக் கூட்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பயம் நிஜமென்றால் முதல் ஓட்டம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான். வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். மூன்று வருடமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லையே!

18,000 ரூபாய் ஹெட்ஃபோன் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. பணம் இருந்திருக்கிறது. இல்லாதது, அப்பாவோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார ஒரு காலைப்பொழுது. இதைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். பொருளை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கடமை முடிந்தது என்று நினைப்பு. பெற்றவர்களுக்குச் செய்வது என்றால் கூடப் போவது, கூட உட்காருவது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தேவாரம் பற்றி: அவராகக் கேட்டால் போட்டுக் கொடுங்கள். வயதாகிவிட்டால் பக்திப் பாட்டுக்கு மாறியாக வேண்டும் என்று எந்தத் திருமுறையிலும் எழுதவில்லை. 'பைத்தியம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேத்தி முன்னால் சொல்லாதீர்கள். அவள் நாளைக்கு உங்களைச் சொல்வாள்.

அவள் படிப்பு முக்கியம்தான், மாடி வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம்தான். இன்றைக்கே அப்பாவின் போன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் கலந்து, முழுப் பாட்டும் இடது காதுக்கே வரும். அதே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். பாடகன் வந்துவிட்டானா என்று கேளுங்கள். பேச்சு ஓடாவிட்டால், அவர் காலத்துப் பாடகர்களில் மெட்ராஸில் பிறந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், 1936. 1967-இல் பிரிட்டனில் பீட்டில்ஸின் புது ரெக்கார்டை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர். இதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்கும், நீங்கள்தான் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதை, இத்தனையும் செய்த பிறகு சொல்லுங்கள். அப்போது சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அவரும் கேட்பார். ஆனால் அதற்கும் முன்னால், இந்த வாரமே லீவு போட்டுக் காதைக் காட்டுங்கள். மனைவியையோ டிரைவரையோ கூட அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து தரும் ஆடியோகிராம் பேப்பர் கைக்கு வந்த பிறகு எனக்கு எழுதினால் போதும்.