கேள்வி – பதில்: முசண்டம் கரையோரம் கயாக்கில் மூன்று நாள்

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். நானும் அறை நண்பரும் ஓமானின் முசண்டம் கரையோரமாகக் கயாக்கில் மூன்று நாள் போய், இரவில் கரையில் கூடாரம் போட்டுத் தங்க நினைக்கிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியும், துடுப்புப் போட்டும் பழக்கம் உண்டு. லீவு ஜூனில்தான் கிடைக்கும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

பதில்: கிலோமீட்டரை அப்புறம் பார்ப்போம், முதலில் ஜூனை விடுங்கள். அந்த மாதம் அங்கே பகல் வெயில் 40 டிகிரிக்கு மேலும் ஏறும். கடலும் சூடாகத்தான் இருக்கும், அதில் குதித்தாலும் உடம்பு அவ்வளவாக ஆறாது. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு எப்படி இறங்கும்? துடுப்பு போடும் ஆளுக்கு முதலில் தலைவலி வரும், அப்புறம் தடுமாற்றம், அதற்குள் பக்கத்தில் கரை இருக்க வேண்டுமே. முதலாளியிடம் கெஞ்சியாவது லீவை டிசம்பர், ஜனவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, குளிர்காலம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பயணத்தின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் தோள்பலம் அல்ல, தண்ணீர். கோர் ஷாம் என்று மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடற்குடாவில் இருக்கும் சின்ன மீனவ ஊர்களுக்கே குடிநீர் படகில்தான் போகிறது, அவர்களிடம் போய்க் கேட்கலாம் என்ற எண்ணத்தோடு கிளம்பாதீர்கள். குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். காற்றில் மாட்டிக்கொண்டால் இருக்கட்டும் என்று ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். இரண்டு பேர், நாலு நாள், 40 லிட்டர், அதாவது 40 கிலோ. நான் முதல் தடவை 20 லிட்டர் கேனை அப்படியே பின்பக்கம் திணித்தேன். பாதி காலியானதும் உள்ளே தண்ணீர் அலம்பி, ஒவ்வொரு அலைக்கும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இப்போது 2 லிட்டர் பாட்டில்கள்தான், இருக்கைக்குப் பின்னால் படகின் அடியோடு ஒட்டி நெருக்கி அடுக்குவேன். ஒன்று ஓட்டையானாலும் மிச்சம் பிழைக்கும். உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் மறக்க வேண்டாம்.

இடத்துக்கு வருவோம். முசண்டத்தின் துறைமுக ஊரான கசப்பிலிருந்து நேராகத் துடுப்பு போட்டு வெளிக்கடல் வழியாகப் போக வேண்டாம். அங்கே சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, ஒதுங்க மணல் இல்லை, பாறையில் மோதிய அலை திரும்பி வந்து எதிர் அலையோடு முட்டி, படகை எந்தப் பக்கமும் நிற்கவிடாது. வடக்கே போகப் போக நீரோட்டமும் பலம், அப்பால் ஹோர்முஸ் நீரிணையில் எண்ணெய்க் கப்பல்கள். கசப்பில் ஒரு மரப்படகுக்காரரைப் பேசி, கயாக்குகளை ஏற்றி, கோர் ஷாமுக்குள் இறங்கிக்கொள்ளுங்கள். சுமார் 16 கிலோமீட்டர் நீளம், மூன்று பக்கமும் மலை, டால்பின்கள் வரும். 1860களில் வெள்ளைக்காரர்கள் தந்தி நிலையம் வைத்திருந்த சிறு தீவும் உள்ளேதான். மூன்று நாளுக்கு அதுவே தாராளம்.

விடியும் முன் கிளம்புங்கள், பத்து, பதினோரு மணிக்குள் கரையேறி நிழல் தேடுங்கள். இந்தக் கணக்கில் நாளுக்கு 10, 12 கிலோமீட்டர் வரும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று கிளம்பினால் இரண்டு, மூன்று நாள்கூட அடிக்கும். அப்போது படகை மேலே இழுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை, அந்தக் கூடுதல் தண்ணீர் இதற்காகத்தான். மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஓடையின் வாயில் கூடாரம் போடாதீர்கள், எங்கோ மேலே பெய்த மழை அங்கேதான் வந்து விழும். ஓதம் ஏறிய கோட்டைக் காய்ந்த பாசி காட்டும், அதற்கு மேலே படுங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள், தேள் இருக்கும்.

கேள்வி: மஸ்கட்டில் இருக்கிறேன். இதே இடத்துக்குத் தனியாகப் போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏற இன்னொரு படகு பக்கத்தில் பிடித்துக்கொண்டால் ஓரிரு நிமிடம்; தனியாக, அலையில், களைத்த கையோடு என்றால் நல்ல பயிற்சி உள்ளவர்களே திணறுவார்கள். மூன்று படகு சேரும்வரை பொறுங்கள். அதுவரை மஸ்கட் பக்கம் அமைதியான ஒரு குடாவில், யாராவது கூட நிற்க, கவிழ்ந்து ஏறிக் கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள்.