கரகரப்பு ஒரு பக்கம், ‘ஙொய்’ ஒரு பக்கம்: பழைய கார் ஸ்டீரியோவில் எம்பி3 பிளேயர்

கேள்வி: என் கார் பழையது. ஸ்டீரியோவில் ரேடியோவும் சிடியும்தான். புளூடூத், யூஎஸ்பி எதுவும் கிடையாது. பாட்டெல்லாம் ஒரு சின்ன எம்பி3 பிளேயரில் இருக்கிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி, பிளேயரை ஒயர் வழியாக அதில் இணைத்தேன். கரகரவென்கிறது. ஓடும்போது பிளேயரைச் சார்ஜில் போட்டால் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் வேறு. ஸ்டீரியோவை மாற்றாமல் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கரகரப்பு காற்று வழியாக வருகிறது. ‘ஙொய்’ காரின் மின்சாரத்திலிருந்து வருகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போகாது.

அதற்கு முன் ஒரு சந்தேகம். உங்கள் காரில் ஆக்ஸ் இல்லை என்பது உறுதிதானா? வெளிக் கருவியின் பாட்டை ஒயர் வழியாக ஸ்டீரியோவுக்குள் விடும் வழி அது; பெரும்பாலும் இயர்போன் செருகும் அதே 3.5 மி.மீ. துளைதான். ஸ்டீரியோவின் முகப்பிலேயே இருக்கவேண்டும் என்றில்லை. கையுறைப் பெட்டிக்குள், இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டிக்குள், கியருக்கு முன்னால் இருக்கும் மூடிக்குள் எல்லாம் ஒளித்து வைத்திருப்பார்கள். அங்கும் இல்லையென்றால் ஸ்டீரியோவின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள் இருந்து, பக்கத்தில் ‘ஆக்ஸ் இன்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு யோகம்தான். ‘பிரீ அவுட்’ என்றிருந்தால் அது ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை வெளியே அனுப்பும் வழி, நமக்கு உதவாது. ஸ்டீரியோவை வெளியே எடுக்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். அதற்கும் முன்னால் ஸ்டீரியோவின் பாதுகாப்புக் குறியீட்டு எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பழைய ஸ்டீரியோக்கள் மின்சாரம் நின்று வந்ததும் அந்த எண்ணைக் கேட்கும், தராவிட்டால் வாயைத் திறக்காது.

ஆக்ஸ் கிடைத்துவிட்டால் டிரான்ஸ்மிட்டரைத் தூக்கி வைத்துவிடலாம். ஒரு முனை பிளேயருக்கும் மறுமுனை அந்தத் துளைக்கும் பொருந்தும் ஒரு ஒயர் போதும்.

கிடைக்கவில்லையா? சரி, டிரான்ஸ்மிட்டரையே ஒழுங்காக வேலை வாங்குவோம். அது ஒரு குட்டி வானொலி நிலையம். மற்ற நிலையங்களுக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்று அதன் சக்தியைப் பல நாடுகளில் சட்டமே மிகக் குறைவாக வைத்திருக்கிறது. ஆகவே பக்கத்தில் உண்மையான நிலையம் ஒன்று இருந்தால் இது தோற்றுப்போகும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ரேடியோவை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை கையால் நகர்த்துங்கள். வெறும் ‘உஸ்’ மட்டும் கேட்கும் இடம் வேண்டும். அதற்கு 0.2 முன்னும் பின்னும் கூட நிலையம் எதுவும் இல்லாமல் இருந்தால் நல்லது. அந்த எண்ணில் டிரான்ஸ்மிட்டரை வையுங்கள். நீண்ட பயணத்தில் ஊர் மாற மாற இந்த எண்ணையும் மாற்றத்தான் வேண்டும். அது இந்தக் கருவியின் தலையெழுத்து.

அப்படியும் கரகரத்தால், என் சிபாரிசு ஒயரில் இணைக்கும் எஃப்.எம். மாடுலேட்டர். ஆன்டெனா ஒயருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் இதைப் பொருத்துவார்கள். இயக்கும்போது ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டு உங்கள் பாட்டை நேராக ஸ்டீரியோவுக்குள் அனுப்பும். காற்றில் யாரோடும் போட்டி இல்லை என்பதால் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும் தொல்லையும் இல்லை. ஒலித்தரம் மட்டும் எஃப்.எம். அளவுதான்: 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எஃப்.எம். ஒலிபரப்பில் வராது. ஓடும் காரின் இரைச்சலில் அதை யாரும் தேடப் போவதில்லை.

இனி ‘ஙொய்’. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சத்தத்தின் சுருதி ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் அது ஆல்டர்னேட்டரின், அதாவது என்ஜின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தயாரிக்கும் கருவியின் குரல். பிளேயருக்குச் சார்ஜர் வழியாக ஒரு கிரவுண்டு (மின்சாரம் திரும்பிச் செல்லும் பொது இணைப்பு), பாட்டு போகும் ஒயர் வழியாக இன்னொரு கிரவுண்டு என்று இரண்டு பாதை கிடைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, காரின் மின் இரைச்சல் அதன் வழியே பாட்டுக்குள் நுழைகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் நோய் இதுதான், பிளேயர் மேலும் ஸ்டீரியோ மேலும் பழி இல்லை. செலவில்லாத தீர்வு, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிவிட்டு காரில் பிளேயரின் சொந்த பேட்டரியில் ஓட்டுவது. அது முடியாதென்றால் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டும், கிரவுண்டு தாண்டாது. பாட்டு போகும் ஒயரின் நடுவில் அதைச் செருகினால் ‘ஙொய்’ அடங்கிவிடும். மட்டமானதை வாங்கினால் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, கொஞ்சம் மெலியும்.

அப்புறம் வால்யூம். ஆக்ஸிலோ மாடுலேட்டரிலோ பிளேயரின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தை ஸ்டீரியோவில் செய்யுங்கள். பிளேயரில் குறைத்து ஸ்டீரியோவில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். அந்த நிலையில் ரேடியோவுக்கு மாறினால் காது கிழியும். லைட்டர் சாக்கெட் டிரான்ஸ்மிட்டர் என்றால் பாதியிலிருந்து தொடங்கி, ஒலி சிதறும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் பிளேயர், ஸ்டீரியோ இரண்டில் ஒன்றில் மட்டும் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகு வாத்தியங்கள் கேட்டு, பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் மங்கினால் பதறவேண்டாம். ஒயரின் முனையிலுள்ள பின் முழுதாக உள்ளே இறங்காமல் கிரவுண்டு தொடர்பு விட்டுப்போயிருக்கும். அப்போது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பீக்கருக்குப் போகும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். பிளேயரின் உறையைக் கழற்றிவிட்டுப் பின்னை ‘டக்’ என்று அழுத்தினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார்.