திருகோணமலையில் மாதம் 800 ரூபாய்க்கு விற்கப்படும் ‘ஐபிடிவி லைன்’ வாங்கலாமா?

கேள்வி கேட்டவரின் வாதம் இதுதான்: எங்கள் ஊரில் பல வீட்டுக் கூரைகளில் இருக்கும் இந்திய டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் செய்வதும் களவு, இணையம் வழியாக அலைவரிசைகளைக் காட்டும் இணைப்பைக் கைத்தொலைபேசியில் அனுப்பி விற்கும் ‘லைன்’ வாங்குவதும் களவு, இரண்டும் ஒன்றுதான் என்றால் விலை குறைந்ததை வாங்கினால் என்ன, இவ்வளவு பகிரங்கமாக விற்பதை ஏன் யாரும் தடுக்கவில்லை? இரண்டையும் விற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கே பிந்தித்தான் விளங்கியது.

யுத்தம் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் கடைசியில் டிஷ் பொருத்தும் வேலையைத் தொடங்கினேன். ஒரு ஏணி, ஒரு திசைகாட்டி, சிறிய சிக்னல் மீற்றர் ஒன்று, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய கேபிள் சுருள், முதலீடு அவ்வளவுதான். சாம்பல்தீவு, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று நான் ஏறாத கூரை குறைவு. இந்தியச் செய்மதி அனுப்பும் கதிர் இராமேஸ்வரக் கரையோடு நின்றுவிடுவதில்லை; உப்புவெளி ஓட்டுக்கூரையிலும் அது நன்றாகவே விழுகிறது. 2010 ஜூலையில் இன்சாட் 4பி செய்மதியின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு அலைவரிசைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பொண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டி வந்தபோது, தென்னிந்திய அலைவரிசைகள் பல வேறொரு செய்மதிக்கு மாறின. வானில் கிழக்கு 93.5 பாகையிலிருந்து 91.5 பாகைக்கு, வெறும் இரண்டு பாகைதான். அந்த இரண்டு பாகைக்காகக் கச்சான் காற்றில் வீட்டுக்கு வீடு கூரையேறிய மாதம் அது.

அந்த டிஷ் முறையானதா என்றால், இல்லை. அந்த இந்திய டிஷ் சேவைகளுக்குக் கிடைத்த உரிமை இந்தியாவுக்குள் காட்டுவதற்கானது. டிஷ்ஷைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் பொக்ஸைப் பதிவு செய்ய இந்திய முகவரி ஒன்று வேண்டும், அதைச் சென்னையிலோ இராமநாதபுரத்திலோ உள்ள ஓர் உறவினர் கொடுத்திருப்பார். ஆயினும் ரீசார்ஜ் செய்யும் பணம் அந்த நிறுவனத்திற்கே போகிறது, அங்கிருந்து அலைவரிசைக்காரருக்குரிய பங்கு அவரிடம் போகிறது. பிழையான ஊரில் இருந்துகொண்டு சரியான ஆளுக்குக் காசு கொடுக்கிறோம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் மதுச்சாலை நடத்திய கேரன் மர்பி என்பவர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். உள்நாட்டு நிறுவனம் கேட்ட தொகை கட்டுப்படியாகாததால், செய்மதி ஒளிபரப்பைத் திறக்கும் கிரேக்க நிறுவனமொன்றின் அட்டையை வாங்கி இங்கிலாந்து உதைபந்தாட்டப் போட்டிகளைத் தன் கடையில் காட்டினார், தண்டம் விதிக்கப்பட்டது, மேன்முறையீடு செய்தார். 2011 அக்டோபர் 4ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வேறொரு உறுப்பு நாட்டின் அட்டையைப் பயன்படுத்துவதைத் தடை செய்வது ஒன்றியத்தின் பொதுச் சந்தைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒளிபரப்பில் வரும் கீதம், இலச்சினை போன்ற படைப்புகளை மதுச்சாலையில் காட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றும் அதே தீர்ப்புக் கூறியதை அவரைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பாக்குநீரிணையின் இரு கரைக்கும் அப்படியொரு பொதுச் சந்தை கிடையாது, ஆகவே அந்தத் தீர்ப்பை இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் அந்த வழக்கில் காசு கட்டாமல் பார்த்தார் என்ற பேச்சுக்கு இடமிருக்கவில்லை.

லைன் வியாபாரம் வேறு சங்கதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இந்திய ரூபாயும் கூடவே ஏறியதால் ரீசார்ஜ் தொகை சில வாரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூடிவிட்டது. நாளில் பாதிநேரம் மின்சாரம் இல்லாத ஊரில் தொலைக்காட்சிக்கு என்ன காசு என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், நியாயம்தான். அந்த நேரத்தில் வட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர் எனக்கு ஒரு ‘பெனல்’ தருவதாகச் சொன்னார். பெனல் என்பது ஓர் இணையப் பக்கம். அதில் முன்பணம் கட்டிக் கிரெடிட் வாங்க வேண்டும், ஒரு கிரெடிட் ஒருவருக்கு ஒரு மாதம். ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்கிக் கொடுத்தால், வாங்கியவரின் தொலைக்காட்சியில் ஆயிரக்கணக்கான அலைவரிசைகள் வந்துவிடும். எனக்குக் கிரெடிட் ஒன்று 300 ரூபாயளவில் விழுந்தது, நான் 800க்கு விற்றேன். பணத்தை மறைநாணயமாக அனுப்பச் சொன்னார். அவருக்கு மேலே யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அலைவரிசை நடத்தும் எவருக்கும் அந்த 800இல் ஒரு சதம்கூடப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வாங்குபவர்களுக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெனலைத் திறந்தால் ஓர் அட்டவணை வரும்: பயனர் பெயர், முடிவுத் திகதி, இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி, கடைசி நிரலில் அந்த நிமிடம் அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அலைவரிசையின் பெயர். ஊரில் மரியாதையான ஒரு கடைக்காரர் இரவு ஒரு மணிக்கு எதைப் பார்க்கிறார் என்பது நான் அறிந்திருக்க வேண்டிய விடயமே அல்ல. எனக்குத் தெரிந்தது எனக்கு மேலே இருந்த முகம் தெரியாத எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர்கள் வீட்டு வைஃபையில் இணைத்த மலிவு விலை ஆண்ட்ராய்ட் பொக்ஸ்களுக்கு அவர்கள் தந்த செயலியை நானே ஏற்றிக் கொடுத்தேன். அதற்குள் வேறு என்ன இருந்தது என்று பார்க்கும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

படம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சலூனில் இருந்தபோது விளங்கிக்கொண்டேன். கிண்ணியாவில் நான் லைன் கொடுத்த சலூன் அது. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, திரையின் இடப்பக்க மூலையில் பத்துப் பன்னிரண்டு இலக்கங்கள் தோன்றிச் சில வினாடிகளில் மறைந்தன. முகத்தில் சவர்க்கார நுரை பூசிக்கொண்டிருந்த கடைக்காரர், “இது என்ன நம்பர் தம்பி, லொத்தர் ஏதும் விழுந்திருக்கா?” என்று கேட்டார். சற்று நேரத்தில் அலைவரிசை கறுத்துவிட்டது, அன்று முழுவதும் திரும்பி வரவே இல்லை. அந்த இலக்கம், எங்கோ முறையாகச் சந்தா கட்டி வாங்கப்பட்ட ஒரு பொக்ஸின் அடையாளம். அந்தப் பொக்ஸிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் போகும் எச்டிஎம்ஐ வாயிலிருந்து படத்தைக் கழற்றி, மீண்டும் சுருக்கி, சேர்வருக்கு ஏற்றி, அதைத்தான் எங்களைப் போன்றவர்கள் நாடு நாடாக விற்கிறோம். உரிமையாளர்கள் தாங்களும் ஒரு லைன் வாங்கி, இலக்கம் எப்போது தோன்றுகிறதென்று காத்திருந்து, அந்த ஒரு பொக்ஸை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். விரல்ரேகை என்று அழைக்கப்படும் இந்த வசதி விநியோகிப்பவரின் அமைப்பில் இருக்க வேண்டும் என்று இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2017 விதிகள் சொல்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் படத்திற்குள்ளேயே ஒளித்து வைக்கும் அடையாளங்களும் உண்டு. மூலையில் தெரிவதை மறைக்கத் தெரிந்தவர்களுக்கு அதை மறைப்பது எளிதல்ல. தடுப்பதற்கான வழிகளில் எவருக்கும் வீண் தொல்லை தராதது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

நான் விட்டதற்குக் காரணம் சட்டமல்ல, ஓர் இரவு. 2023 ஐபிஎல் இறுதிப் போட்டி மழையால் மே 29க்குத் தள்ளிப்போய், அன்றும் மழை குறுக்கிட்டு, நள்ளிரவு தாண்டியும் நடந்தது. சென்னை அணிக்கு எங்கள் நாட்டுப் பத்திரணவும் தீக்ஷணவும் ஆடிய ஆண்டு என்பதால் எங்கள் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் விழித்திருந்தார்கள். என்னிடம் 61 வாடிக்கையாளர்கள். கடைசி ஓவர் தொடங்கும்போது படம் உறைந்தது, பிறகு முழுதாகப் போய்விட்டது. கைத்தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. இரண்டு பந்தில் பத்து ஓட்டங்கள் வேண்டிய நேரத்தில் ஜடேஜா ஆறும் நான்கும் அடித்ததை நான் பார்க்கவில்லை. டிஷ் வைத்திருந்த பக்கத்து வீட்டிலிருந்து எழுந்த கூச்சலைக் கேட்டேன். லைன் எப்போதும் முக்கால் நிமிடமளவு பிந்தித்தான் வரும் என்பதால் பக்கத்து வீட்டுக் கூச்சல் முன்னரே கேட்பது எங்களுக்குப் பழக்கம், ஆனால் அன்று கூச்சலுக்குப் பின் வர வேண்டிய படம் வரவில்லை. மேலே இருந்தவருக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுநாள் அவரது இலக்கமே இல்லை. நான் கட்டி வைத்திருந்த 140 கிரெடிட் அதோடு போயிற்று. யாரிடம் முறையிடுவது? வாடிக்கையாளர்கள் முறையிட ஓர் ஆள் இருந்தேன், எனக்கு அதுவும் இல்லை.

அதே மே மாதக் கடைசியில்தான் இங்கிலாந்தின் டெர்பி நீதிமன்றத்தில் ‘ஃபிளாலெஸ்’ என்ற சட்டவிரோத சேவையை நடத்திய ஐவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தலைவருக்கு 11 ஆண்டுகள், ஐவருக்கும் சேர்த்து 30 ஆண்டுகளுக்கு மேல். மாதம் 10 பவுண் வரை வாங்கிக்கொண்டு, 50,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களையும் விற்பவர்களையும் வைத்து, ஐந்தாண்டுகளில் 70 இலட்சம் பவுணுக்கு மேல் சம்பாதித்திருந்தார்கள். வழக்கைத் தொடுத்தது பொலிஸ் அல்ல, பிரீமியர் லீக் தன் செலவில் தொடுத்த தனியார் வழக்கு. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தடுக்கவில்லை என்று கேள்வியில் சொல்வது சரியல்ல. தடுக்கிறார்கள், ஆனால் எங்கள் தெருவில் நின்று தடுப்பதில்லை. 2019 செப்டெம்பரில் இத்தாலிய நிதிப் பொலிஸ் முன்நின்று ‘எக்ஸ்ட்ரீம் கோட்ஸ்’ என்ற பெனல் மென்பொருளை முடக்கியபோது, அதை நம்பியிருந்த சேவைகள் பல நாடுகளில் ஒரே நாளில் விழுந்தன. 2024 நவம்பரில் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து முடக்கிய வலையமைப்புக்கு 2 கோடியே 20 இலட்சம் பார்வையாளர்கள் இருந்ததாக அறிவித்தார்கள். இந்தியாவில் டில்லி உயர் நீதிமன்றம் 2019 முதல், தடுத்த தளம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தால் புதிய வழக்கில்லாமலே அதையும் தடுக்க வழிவிடும் உத்தரவுகளை வழங்குகிறது. 2024 பெப்ரவரியில் இத்தாலி தொடங்கிய ‘பைரசி ஷீல்ட்’ இன்னும் வேகமானது: முறைப்பாடு வந்து 30 நிமிடத்திற்குள் இணைய நிறுவனங்கள் அந்த முகவரியைத் தடுத்தாக வேண்டும், நீதிபதி இடையில் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அது கூகுள் டிரைவையே தடுத்துவிட்டது. ஒரு ஐபி முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கான நேர்மையான தளங்கள் இருக்கக்கூடும். வலை வீசுகிறவர் மீனோடு கரையில் நின்ற தோணியையும் சேர்த்து இழுத்தால் அதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒளிபரப்பை மறு ஒளிபரப்புச் செய்யும் உரிமையை ஒளிபரப்பு நிறுவனத்திற்கே கொடுக்கிறது. வேண்டுமென்று மீறியவருக்கு நீதவான் நீதிமன்றம் ஆறு மாதம் வரை சிறையோ 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம், மறுமுறை அகப்பட்டால் இரட்டிப்பு. ஆனால் எவராவது முறையிட வேண்டும். சென்னையிலுள்ள ஓர் அலைவரிசைக்காரர் ஏகாம்பரம் வீதியில் 61 பேருக்கு லைன் கொடுக்கும் ஒருவனைத் தேடிச் சட்டத்தரணி வைத்து வழக்காடுவதில் அவருக்கு என்ன கிடைக்கும்? அவன் போனால் அடுத்த வாரம் இன்னொருவன் அதே பெனலில் கிரெடிட் வாங்குவான். அதனால்தான் அவர்கள் மூலப் பொக்ஸையும் சேர்வரையும் பணம் போகும் வழியையும் தேடுகிறார்கள். தெருவில் நிற்பவனுக்கு அது பாதுகாப்பு போலத் தெரியும்; உண்மையில் அறிவித்தல் இல்லாமல் காலின் கீழே மண் போவதுதான்.

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகச் சொல்வதென்றால், வாங்க வேண்டாம். ஏற்கெனவே வருடச் சந்தா கட்டியிருந்தால் அந்தப் பொக்ஸை உங்கள் வங்கிச் செயலி உள்ள கைத்தொலைபேசியோடு ஒரே வைஃபையில் வைக்க வேண்டாம். உள்நாட்டில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பொதிகளில் இந்தியத் தமிழ் அலைவரிசைகள் சில உண்டு, உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்காமல் போகக்கூடும். உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பவர்கள் எங்களைப் போன்ற சிறிய சந்தையைக் கணக்கில் எடுப்பதில்லை, லைன்காரர்கள் எடுக்கிறார்கள். இந்தக் குறை எனக்கும் உண்டு.

அந்த ஜூன் மாதம் 61 பேருக்கும் மீதி நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பாலையூற்றில் தனியாக இருக்கும் ஓர் அம்மா மட்டும் வாங்க மறுத்துவிட்டார். “காசு வேண்டாம் தம்பி, எனக்கு அந்த ஒரு நாடகம் வந்தாக் காணும்” என்றார். அவருடைய கூரையில் 2010இல் நான் திருப்பிய தட்டு அப்படியே இருந்தது. உப்புக்காற்றில் அரித்துப்போன, தட்டின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியை மாற்றி, துருப்பிடித்த ஆணிகளுக்கு எண்ணெய் விட்டு, தட்டை மீண்டும் தென்கிழக்குப் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். ரீசார்ஜ் கட்டுவது திருச்சியில் இருக்கும் அவருடைய தங்கையின் மகன். அதுவும் முறையானதல்ல என்பதை மேலேயே எழுதியிருக்கிறேன்.